பாட்டு விழாத குதிரை

மண் அள்ளுகிறவன் பெண்டாட்டி குர்ஆன் ஓதி முடித்துவிட்டாளாம் என்ற செய்தி தினாம்புங் சந்தைக்குப் போய், அங்கே மீனோடும் வாழைத்தாரோடும் புரண்டு, எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது ஹதாராவுக்கு அறுபது வயதாகியிருந்தது. உண்மையில் அவளுக்கு நாற்பத்தாறுதான். சந்தைக்குப் போன எதுவும் போன எடையில் திரும்புவதில்லை.

மண் அள்ளுகிறவன் நான்தான். பெயர் சனூசி. மண்டார் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணலை வாரி லாரியில் ஏற்றுகிற வேலை. ஹதாரா என் மனைவி. இடுப்பில் கட்டுகிற பட்டுச் சாரம் நெய்கிறாள். எங்கள் கரையில் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பாரத்தைத் தூக்கினால்தான் வீடு நிற்கும். அதில் பெரியவன் சின்னவள் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அவள் பிடித்த பக்கம்தான் எப்போதும் கனமான பக்கம்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் ஓதி முடித்தால் நபி பிறந்த மவுலூது மாதத்தில் குதிரை ஏற்றுவார்கள். ஆடுகிற குதிரை. தப்ஸ் மேளம் அடிக்க அடிக்கத் தலையை ஆட்டி, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஊரையே சுற்றி வரும். அந்தக் குதிரைக்காகத்தான் பாதிப் பிள்ளைகள் ஓதவே உட்காரும். ஹதாராவுக்கு அந்த வயதில் அது வாய்க்கவில்லை. அவள் வாப்பா குடும்பத்தோடு கடல் தாண்டி காலிமந்தான் கரைக்குப் பிழைக்கப் போய்விட்டார். இங்கே பிள்ளைகள் அலிஃப், பே என்று அரபு எழுத்துப் படித்த காலத்தில் அவள் அங்கே கருவாட்டுக்குக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, மகள் மர்தியாவைப் பெற்று, மர்தியா ஓதி முடித்துக் குதிரை ஏறி, அவளையும் மஜேனேயில் கட்டிக்கொடுத்த பிறகு, ஒருநாள் தறியை விட்டு எழுந்தாள். மரவள்ளி மாவு ஜெப்பா ரொட்டி நாலைச் சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டு, குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிற குரு வீட்டுக்குப் போனாள். மரத்தூண்கள்மேல் நின்ற அந்த வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே, மூக்கொழுகும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டியம்மா, அது அலிஃப் இல்ல, உங்க தறிக்குச்சி!" என்று ஒரு பொடியன் கத்தினானாம்.

"குச்சின்னா உங்க உம்மாவைவிட எனக்கு நல்லாத் தெரியும். முதுகுல வச்சுக் காட்டவா?" என்றாளாம் இவள்.

அதோடு கேலி நின்றது. ஓதல் நிற்கவில்லை. தறியில் கை ஓடும், வாய் ஓதும். அந்த நாட்களில் அவள் நெய்த சாரங்களில் எங்காவது கட்டம் கோணியிருந்தால், அந்த இடத்தில் கடினமான ஆயத்து வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. கோணலைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். இவள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவாள். ஆற்றிலிருந்து வந்து முதுகைச் சாய்த்தால் எனக்கு உலகம் தெரியாது. அவளோ அதற்குப் பிறகும் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டிருப்பாள். இந்தப் பெண்ணுக்கு எந்த எலும்பில் இவ்வளவு பலம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

முடித்துவிட்டாள். குரு துஆ செய்து, "ஹதாரா, மவுலூதுக்கு நீயும் குதிரை ஏறணும். ஓதி முடிச்சவங்களுக்கு வயசு பாக்குறதில்ல" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மீனைக் கழுவிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "குதிரை ஏறுறது பெருசில்லைங்க. ஒரு பாட்டாவது விழணும்."

எனக்குப் புரிந்தது. குதிரை போகும் வழியில் பாடத் தெரிந்தவர்கள் எதிரே வந்து கையைத் தூக்கி நிறுத்துவார்கள். தப்ஸ் அடங்கும். குதிரைமேல் இருப்பவளைப் புகழ்ந்து நாலு வரி சொல்வார்கள். குதிரைப் பக்கத்திலிருந்து ஒருவர் நாலு வரியில் பதில் சொல்ல வேண்டும். ஊர் சிரிக்கும், கை தட்டும், பிறகு குதிரை நகரும். எத்தனை பாட்டு விழுந்தது என்பதை வைத்துத்தான் அந்தப் பெண்ணை ஊர் எப்படி வைத்திருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள்.

"விழாம எங்க போகும்?" என்றேன்.

"சின்னப் பிள்ளைங்கன்னா மாதுளம்பூன்னு பாடுவாங்க, மல்லிகை மொட்டும்பாங்க. என்னை என்னன்னு பாடுவாங்க? காய்ஞ்ச மாங்கான்னா?" மீன் குழம்புக்குக் காய்ந்த மாங்காயைத்தான் அப்போது அள்ளிப் போட்டாள். "பாட்டு விழாத குதிரை, மூட்டை சுமக்குற குதிரைங்க. அதுல நான் மூட்டை. அதுக்கு வீட்டுலயே இருந்துடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சட்டியைப் பார்த்தே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

சரி, பாட்டுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று பஹாருங்கைத் தேடிப் போனேன். எங்கள் கரையில் அவனைப் போலப் பாடுகிறவன் இல்லை. தொழில் படகு கட்டுவது. வெள்ளை வெளேரென்று கத்திபோல் இருக்கும் பாய்மரப் படகில் அவன் கை பட்டால் அது காற்றைவிட முன்னால் போகும் என்பார்கள். நான் போனபோது பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், ஆறு வத்திப் போச்சா? கடல் பக்கம் வந்திருக்கே?"

"சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளா நீ? சும்மா இருந்தா தூங்குற ஆளாச்சே."

பாட்டைக் கேட்டு வாங்கக் கூடாது. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கேட்டு வாங்கின பாட்டு பிச்சைச் சோறு. அது குதிரைமேல் இருப்பவளுக்குத் தெரிந்தால் இறங்கியே போய்விடுவாள். அதனால் நான் சுற்றி வளைத்தேன்.

"மவுலூது வருது."

"ஆமா, வருஷா வருஷம் வரும்."

"எங்க வீட்டுலயும் குதிரை."

"கேள்விப்பட்டேன். அக்கா முடிச்சுட்டாங்களாமே! எங்க வீட்டுக்காரி ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கிறா." இழைப்புளியை நிறுத்தி என் தோளையும் கையையும் ஒரு பார்வை பார்த்தான். "குதிரைப் பக்கத்துல யாரு பிடிக்கிறது?"

"நான்தான். வேற யாரு?"

"ஓகோ," என்றான். மறுபடி இழைக்கத் தொடங்கினான். அந்த "ஓகோ"வில் என்ன இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

குதிரை ஆடும்போது மேலே இருப்பவள் விழுந்துவிடாமல் பக்கத்துக்கு இரண்டு பேர் நின்று முழங்காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஹதாராவின் தம்பி ஹாலிங் அந்த இடத்துக்குத் தானாக வந்தான். நான் விடவில்லை. மணல் லாரி ஏற்றுகிற கை இருக்கும்போது, மாமனார் கடையில் சர்க்கரை நிறுக்கிற கை எதற்கு? அவனைப் பதில் பாட்டுச் சொல்ல வைத்துக்கொண்டேன்.

மவுலூது அன்று பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. வாழைத்தண்டில் குச்சி குச்சியாகச் செருகிய சிவப்பு முட்டைகள், பச்சை முட்டைகள், ஓலையில் பொதிந்த ஒட்டரிசிச் சோறு, சுற்றிலும் வாழைக்குலைகள். ஹதாரா ஹாஜியம்மாக்கள் உடுத்துவதுபோல வெள்ளை அங்கியும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வழக்கமாக உம்மா முன்னால் உட்காருவாள், ஓதி முடித்த மகள் பின்னால் உட்காருவாள். எங்கள் குதிரையில் மர்தியா சிவப்புப் பட்டில் முன்னால், உம்மா பின்னால்.

"உம்மா, என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோ. பயந்தா கண்ணை மூடிக்கோ," என்றாள் மர்தியா.

"உன்னைப் பெத்தப்பவே கண்ணை மூடல. போடி," என்றாள் ஹதாரா.

ஒரு காலை மடித்து ஒரு முழங்காலை உயர்த்தி அவள் மெத்தைமேல் உட்கார்ந்தாள். குடை விரிந்தது. தப்ஸ் எழுந்தது. அடித்தது கமருதீங் மாமாவின் கூட்டம். அவர் அடித்தால் கட்டிப்போட்ட ஆடும் கால் மாற்றும். குதிரை கழுத்தை வளைத்து ஆட ஆரம்பித்தது. நான் வலப்பக்கம் அவள் முழங்காலைத் தாங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு ஆற்றின் குளிரெல்லாம் என் முதுகை விட்டு இறங்கிப் போயிருந்தது.

எங்களுக்கு முன்னால் பிள்ளைகளின் குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு வீடு பாட்டு. மாதுளம்பூ, மல்லிகை மொட்டு, விடிவெள்ளி எல்லாம் வந்தாயிற்று. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தவன் இடித்துக்கொண்டு வருகிறான். எங்கள் குதிரை கடைசி.

கிணற்றடிக்கு வந்தோம். கூட்டம் நின்றுகொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

சரி, கிணற்றடிக்காரர்களுக்குத் தொண்டை இல்லை என்று நினைத்தேன். காப்பிக் கடைக்கு வந்தோம். அங்கே மீசைக்காரர் ஒருவர் கையைத் தூக்கப் போனார். நான் ஆவலோடு அவரைப் பார்த்தேன். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குள் போய்விட்டார். மீன் ஏலக்கூடத்துக்கு முன்னால் நான்கு பேர் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கப்பா, வாங்க என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். நான்கு பேரும் மீன் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

மேலே ஹதாரா அசையவில்லை. குதிரைமேல் இருக்கிறவள் சிரிக்கக் கூடாது, இங்குமங்கும் பார்க்கக் கூடாது. ஆனால் என் கையில் இருந்தது அவள் முழங்கால் அல்லவா? ஒவ்வொரு வீடாகத் தாண்டத் தாண்ட அது கல்லாகிக்கொண்டே வந்தது.

"பாரம் அதிகமில்லையே?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"என்ன பாரம்?"

"மூட்டை."

முழங்காலை இன்னும் இறுக்கித் தாங்கிக்கொண்டேன்.

பள்ளிவாசல் முனையில் பஹாருங் நின்றான். சலவைச் சாரம், கறுப்புத் தொப்பி, பாடுகிற ஆளின் நிற்பு. அல்லாவே, வந்தான் என் மச்சான் என்று நினைத்தேன். அவன் இரண்டு அடி முன்னால் வந்தான். கையைத் தூக்கினான். தப்ஸ் அடங்கியது. குதிரை நின்ற இடத்திலேயே ஆடியது. ஊரே அவன் வாயைப் பார்த்தது. நான் அவனை விடாமல் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு... குதிரைக்குத் தண்ணி காட்டுங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மர்தியா குனிந்து, "வாப்பா, முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீங்க?" என்றாள். எப்படி வைத்திருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் கமருதீங் மாமா தப்ஸை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"ஏன்டா, நீ என்ன பண்ணிட்டிருக்கே?"

"பிடிச்சிட்டிருக்கேன் மாமா."

"காலை இல்லடா, ஊரு வாயைப் பிடிச்சிட்டிருக்கே! ஒருத்தன் எதிர்ல வர்றான், நீ அவனைக் குத்திக் கொல்றாப்ல பாக்குறே. எவன் பாடுவான்?"

"குத்துறேனா? கெஞ்சுறேன் மாமா! பாடுங்க பாடுங்கன்னு கெஞ்சிட்டிருக்கேன்!"

"கெஞ்சுற மூஞ்சியா இது? மண்ணு லாரிக்கு முன்னால குறுக்க வந்தவனைப் பாக்குற மூஞ்சி." அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "மேல இருக்கிறது உன் பெண்டாட்டி. முன்னால உன் மக. பக்கத்துல தென்னை மரம் மாதிரி நீ. பாட்டுன்னா என்ன? கண்ணே, நிலவேன்னு ரெண்டு வார்த்தை அதுல வரணும். புருஷன்காரன் முழங்காலைப் பிடிச்சிட்டு முறைக்கும்போது எவன்டா கண்ணேம்பான்? காப்பிக் கடையில அந்த மீசைக்காரன் நாலு வரியையும் என்கிட்ட சொல்லிட்டு, 'மாமு, அவன் போனதும் சொல்லுங்க'ன்னுட்டுப் போயிருக்கான்!"

ஆற்றுக்குள் பகலெல்லாம் வெயிலையும் தண்ணீர்ப் பளபளப்பையும் பார்த்து நெற்றி சுருங்கிப்போன முகம் என்னுடையது. அன்புக்கும் அதே முகம், கோபத்துக்கும் அதே முகம். ஹதாரா ஒருத்திக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்?

"நான் என்ன செய்யணும்?"

"கண்ணுல படாமப் போயிடு. ஹாலிங் பிடிச்சுக்கட்டும்."

அதைவிடச் சுலபமான வேலையை யாரும் எனக்குச் சொன்னதில்லை, அதைவிடக் கனமான வேலையையும் சொன்னதில்லை. அந்த ஒரு நாள் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் லாரிக்காரனிடம் சண்டை போட்டு விடுப்பு வாங்கியிருந்தேன். ஹாலிங்கைக் கூப்பிட்டு, "கையை இப்படிக் கிண்ணம் மாதிரி வை. குதிரை வலப்பக்கம் சாயும்போது நீ முன்னாடியே தாங்கணும்" என்று காட்டிக் கொடுத்தேன். கையை எடுத்ததும் ஹதாரா கீழே பார்த்துவிட்டாள்.

"எங்கங்க போறீங்க?"

சொன்னால் பாட்டு கேட்டு வாங்கினதாகிவிடும். "நீ நேரா உக்காரு," என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணில் ஏதோ அணைந்தது. இந்த மனுஷனுக்கும் வெட்கமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடற்கரைக்குப் போய், கரையேற்றி வைத்திருந்த பாய்மரப் படகு ஒன்றின் மறைவில் உட்கார்ந்துவிட்டேன்.

தப்ஸ் மறுபடி எழுந்தது. நெஞ்சிலேயே அடிப்பதுபோல் இருந்தது. திடீரென்று அடங்கியது.

பஹாருங்கின் குரல். கடல்மேல் கல் தத்துவதுபோல் போகும் குரல் அது:

"முந்தி வந்த பிறையெல்லாம்
முன்னிரவில் மறைஞ்சுபோச்சு;
பிந்தி வந்த நிலவம்மா,
விடியும்வரை உன் வெளிச்சம்."

அலை உடைந்ததுபோல் ஒரு ஆரவாரம். பெண்கள் குலவையிட்டார்கள். நான் படகின் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பிந்தி வந்த நிலவு. அதைவிட அவளைச் சரியாகச் சொல்ல முடியுமா? அவள் விளக்கடியில் விரல் ஓட்டியதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவன் நான். எனக்கு வராத நாலு வரி, பலகை இழைக்கிறவனுக்கு வந்துவிட்டது.

ஹாலிங் பதில் சொல்ல வேண்டும். அவன் "நிலவை... நிலவை..." என்று திக்கினான். மர்தியா குனிந்து எடுத்துக்கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, பிறகு ஒரே மூச்சில் வந்தது:

"நிலவைப் பாக்க வந்தவரே,
நின்னு பாத்துப் போயிடும்;
கையை நீட்டித் தொடநினைச்சா
கடலளவு ஆழமுண்டு."

சிரிப்பு கரையெல்லாம் உருண்டது. குதிரை நகர்ந்தது, நாலு அடி போனதும் நின்றது. இந்தத் தடவை மீசைக்காரர்:

"ஆடும் குதிரை மேலமர்ந்து
அசையாத தீபவிளக்கே,
உன் வீட்டுப் படியேற
எத்தனைபேர் காவலுண்டு?"

எத்தனை பேர் காவலாமே! பேரன் எடுத்த மனுஷனுக்குக் கேள்வியைப் பார்! எழுந்துவிட்டேன். படகின் பக்கவாட்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின் எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்தது மீன்காரப் பெண்கள் சேர்ந்து எதையோ பாடினார்கள், வரி சரியாகக் கேட்கவில்லை. அதன்பின் இன்னொருவன். பிறகு ஆள் மாற்றி ஆள். பிள்ளைகளின் குதிரைகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் குதிரை பள்ளிவாசல் முனையைத் தாண்டவே இல்லை. குரு வெளியே வந்து, "லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லணும், கொஞ்சம் நகருங்கப்பா!" என்று கத்துவது கேட்டது.

அந்த நேரத்தில் மஜேனே பக்கத்து ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் படகின் நிழலில் நிறுத்தினார். நல்ல பட்டுச் சாரம், கையில் விசிறி. கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, என்ன இவ்வளவு ஆரவாரம்? எந்தப் பொண்ணு?"

"பொண்ணு இல்லைங்க. நாப்பத்தாறு வயசு. இப்பத்தான் ஓதி முடிச்சாங்க."

"நாப்பத்தாறா?" விசிறி நின்றது. "சந்தையில பேசிக்கிட்டாங்களே, அந்தத் தறி நெய்யிறவங்களா?"

"தறியும் நெய்யிறாங்க. வீட்டையும் நெய்யிறாங்க."

"அடடே." எம்பி எம்பிப் பார்த்தார். "எப்படி உக்காந்திருக்காங்க பாருங்க! குதிரை அந்தக் குதி குதிக்குது, தலைப்பாகை கூட அசையல. எங்க ஊர்ல இப்படி ஒருத்தரைப் பாத்து ரொம்ப நாளாச்சு." வாயில் எதையோ முணுமுணுத்துப் பார்த்தார். வரி கூட்டுகிறார் என்று தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏண்ணே, புருஷன்காரன் பக்கத்துல நிக்கிறானா?"

"இல்லைங்க," என்றேன்.

"நிச்சயமா?"

"ஊர்லயே இல்ல. மண்ணு லாரியோட போயிட்டான்."

"இப்படி ஒரு நாள்லயா? என்ன ஆளுய்யா அவன்!"

"அதை ஏன் கேக்குறீங்க. நீங்க போய்ப் பாடுங்க."

அவர் தொப்பியைச் சரிசெய்து, சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். தப்ஸ் அடங்கியது. நான் கிட்டத்தில் கேட்கலாம் என்று படகின் மறுபக்கத்துக்குக் குனிந்தபடியே நகர்ந்தேன்.